காகிதத் துளைகளில் ஜாஸ் இசை

1921 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் இருபது வயதைக் கடந்த இளைஞர் ஒருவர் தம் நண்பரின் வீட்டில் ஒரு பியானோவின் முன் அமர்ந்திருந்தார். பியானோவை வாசிப்பவர் எவரும் இல்லை. ஆயினும் அதன் கட்டைகள் தாமே தாழ்ந்தும் எழுந்தும் கொண்டிருந்தன. நடுவிலிருந்த சிறு சாளரத்தில் துளைகள் நிறைந்த காகிதச் சுருள் ஒன்று மேலிருந்து கீழாக மெல்ல ஓடிற்று. அது நியூயார்க்கின் பெயர்பெற்ற பியானோ வித்வான் ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்த 'கரோலினா ஷவுட்' என்னும் உருப்படி. வேகத்தைக் குறைக்கும் நெம்புகோலைத் தள்ளிவிட்டு, எந்தக் கட்டை தாழ்கிறதோ அந்தக் கட்டையின் மேல் தம் விரலை வைத்து, அவ்விளைஞர் அதனை முழுமையாகக் கற்றுக்கொண்டார். பின்னர் ஜான்சனே அந்நகருக்கு வந்தபோது அவர் முன்னிலையிலேயே அதை வாசித்தும் காட்டினார். டியூக் எலிங்டன் என்று உலகம் பிற்காலத்தில் போற்றிய ஜாஸ் இசை மேதை அவரே.

இந்நிகழ்ச்சியில் விஞ்ஞான ஆசிரியர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதே பாடத்தை எலிங்டன் அக்காலத்துக் கிராமபோன் இசைத்தட்டிலிருந்து இவ்வாறு கற்றிருக்க இயலாது. இசைத்தட்டை மெதுவாகச் சுழற்றினால் காலம் மட்டுமன்றிச் சுருதியும் இறங்கும்; பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி முழுவதும் கீழே போய்விடும். காகிதச் சுருளையோ எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் சுருதி இம்மியும் மாறாது. காரணம் எளிது. இசைத்தட்டில் பதிந்திருப்பது ஒலியின் அதிர்வு. சுருளில் ஒலி என்பதே இல்லை. எந்தக் கட்டை எப்பொழுது தாழவேண்டும், எவ்வளவு நேரம் தாழ்ந்திருக்கவேண்டும் என்னும் கட்டளை மட்டுமே உள்ளது. ஒலியைத் தருவது அறையில் நிற்கும் பியானோவின் தந்தியும் சுத்தியும் ஆகும். பழைய ஜாஸ் சுருள்களைக் கேட்டு மகிழ்வோருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருப்பது மிகவும் அவசியம். அவற்றின் சிறப்பும், அவற்றைப் பற்றி இன்றுவரை நீங்காத ஐயங்களும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கருவி இயங்கும் முறையை முதலில் காண்போம். நாடகக் கொட்டகைகளில் முன்னாளில் வாசிக்கப்பட்ட கால் ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வெளித்தோற்றம் புதிதன்று. கீழே இரண்டு மிதிகட்டைகள். அவற்றுடன் இணைந்த பெரிய துருத்திகள். ஆனால் ஆர்மோனியத்தில் காற்றே நாக்குகளை அதிரச் செய்து ஒலியை எழுப்புகிறது. தானியங்கிப் பியானோவில் காற்று வேலையாளாக மட்டும் பணி செய்கிறது. மேலும் இங்கே துருத்தி காற்றை ஊதுவதில்லை. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அறையின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தைப் பெட்டிக்குள் நிலைநிறுத்துகிறது.

காகிதம் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் ஒட்டி ஓடுகிறது. சட்டத்தில் 88 சுரங்களுக்கும் 88 சிறு வாய்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குழாய் செல்கிறது. காகிதம் மூடியிருக்கும்வரை ஒன்றும் நிகழாது. காகிதத்தின் துளை ஒரு வாய்க்கு நேரே வந்ததும் அறைக் காற்று குழாயினுள் புகுந்து, அதன் முனையிலுள்ள மெல்லிய தோற்சவ்வின் அடியை அடைகிறது. சவ்வின் மேற்புறம் அழுத்தம் குறைவு, அடிப்புறம் அதிகம். ஆகவே சவ்வு உப்பி ஒரு வால்வை உயர்த்துகிறது. அவ்வால்வு, அச்சுரத்திற்குரிய சிறு துருத்தியை அழுத்தம் குறைந்த பெட்டியோடு இணைத்துவிடுகிறது. வெளிக் காற்று அழுத்துவதால் சிறு துருத்தி சட்டென ஒடுங்கிச் சுத்தியை இயக்குகிறது. துளை கடந்ததும், சவ்வின் அடியில் தங்கிய காற்று ஊசிமுனை அளவான ஒரு கசிவுத் துளை வழியே வெளியேற, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்து முடிகின்றன.

'உறிஞ்சுதல்' என்று நாம் பேச்சில் சொன்னாலும் உண்மையில் தள்ளுவது வளிமண்டலமே என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மென்மையான வாசிப்பின்போது பெட்டியின் அழுத்தக் குறைவு சுமார் 5 அங்குல நீர்மட்டம். வளிமண்டலத்தின் முழு அழுத்தம் ஏறக்குறைய 34 அடி நீர்மட்டம் ஆதலால், இது அதில் எண்பதில் ஒரு பங்கே ஆகும். எனினும் ஐந்து சதுர அங்குலப் பரப்புள்ள சிறு துருத்தியின் மீது அது கிட்டத்தட்ட ஒரு பவுண்டு விசையாக விழுகிறது. பியானோக் கட்டை ஒன்றை மெல்லத் தாழ்த்த இரண்டு அவுன்சு விசையே போதும். பாதத்தை வேகமாக அழுத்தினால் அழுத்தக் குறைவு பலமடங்காகி ஒலியும் ஓங்கும்.

இக்கருவிக்குப் 'பியானோலா' என்னும் பெயர் பரவக் காரணமானவர் எட்வின் வோட்டி. 1895 இல் டெட்ராய்ட் நகரில் அவர் செய்த முதற்கருவி பியானோவுக்கு வெளியே நிற்கும் ஒரு தனிப் பெட்டி. அதனைப் பியானோவின் முன் தள்ளி நிறுத்தினால், கம்பளி போர்த்திய அதன் மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். விரைவிலேயே இவ்வமைப்பு முழுவதும் பியானோவின் உள்ளேயே புகுந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அளவில் சுருள் வெளியிட்டு வந்த குழப்பம் 1908 இல் பஃபலோ நகரில் உற்பத்தியாளர் கூடி முடிவு செய்ததனால் நீங்கிற்று: காகித அகலம் 11¼ அங்குலம், ஓர் அங்குலத்திற்கு 9 துளைகள். நூறு ஆண்டுகளுக்கு முந்திய சுருளை இன்றும் எந்தத் தானியங்கிப் பியானோவிலும் இட்டு ஓட்ட முடிவது இந்த ஒரே தீர்மானத்தின் பயன். அளவுத் திட்டங்களின் நன்மையை வலியுறுத்த இதைவிட இனிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1908 இல் மற்றொரு சுவையான தீர்ப்பும் வந்தது. இசைச்சுருளை மனிதக் கண்ணால் படித்துணர இயலாது. ஆகவே அது இசை நூலின் 'பிரதி' ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பாடல் இயற்றியவர்க்குக் காசு கிடைக்காமற் போயிற்று. அடுத்த ஆண்டே புதிய சட்டம் இயற்றிச் சுருள் ஒன்றுக்கு இரண்டு சென்டு உரிமைத் தொகை விதித்தார்கள்.

1920 களின் முற்பகுதியில் அந்நாட்டில் உற்பத்தியான பியானோக்களில் பாதிக்கு மேற்பட்டவை தானியங்கிகளாகவே இருந்தன. மாலையில் குடும்பத்தார் கூடி ஒருவர் மிதிக்க மற்றவர் பாடுவர். பாடலின் சொற்கள் சுருளின் ஓரத்தில், அந்தந்தச் சுரத்துக்கு எதிரே, அசை அசையாக அச்சிடப்பட்டிருக்கும். காகிதம் கீழ்நோக்கி ஓடுவதால் சொற்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். பழக்கமில்லாதவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.

ஜாஸ் இசைக்கும் இக்கருவிக்கும் ஏற்பட்ட தொடர்பு தற்செயலானதன்று. கறுப்பின மக்களின் ராக்டைம் இசை 1890 களில் வளர்ந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் ஜாஸுக்கு வழிவிட்டது. இவ்விசையில் இடது கை காலத்தைத் தவறாமல் காக்கும். வலது கையின் சுரங்களோ தட்டு விழும் இடத்தை விட்டு முன்னும் பின்னும் விழும். நம் இசையில் எடுப்பை அதீதம், அநாகதம் என்று பிரிப்பதை அறிந்தவர்க்கு இதன் சுவை எளிதில் புலப்படும். இதை இசைக் குறியீட்டில் எழுதிக் காட்டுவது கடினம். அச்சிட்ட நூலைப் பார்த்து வாசிப்பவர் கையில் இசையின் உயிர்நாடியே நழுவிவிடும். சுருள் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. நிறவேற்றுமை கடுமையாக இருந்த அந்நாளில், நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக் கலைஞர்களைத் தம் வீட்டு வாசலில் நிற்கவும் விடாத பலரது கூடங்களில் அவர்களுடைய வாசிப்பு காகித வடிவில் நுழைந்தது. எலிங்டனைப் போலவே ஃபாட்ஸ் வாலர் என்பவரும் ஜான்சனின் சுருள்களில் விரல் பதித்துப் பயின்றவர். 1923 முதல் கியூ.ஆர்.எஸ். நிறுவனத்திற்காகத் தாமே சுருள்களும் வாசித்தார். ஜெல்லி ரோல் மார்ட்டன் 1924 இல் சின்சினாட்டி நகர நிறுவனம் ஒன்றுக்கு வாசித்தார். (அவர் பெயரிலுள்ள 'ரோல்' இசைச்சுருளைக் குறிப்பதன்று, பழப்பாகு தடவிச் சுருட்டிய ஒரு பலகாரத்தின் பெயர் அது.)

வாசிப்பைத் துளையாக மாற்றியது எவ்வாறு? கலைஞர் வாசிக்கும் பியானோவின் ஒவ்வொரு கட்டையுடனும் ஒரு குறிமுனை இணைக்கப்பட்டிருக்கும். கட்டை தாழ்ந்திருக்கும் நேரமெல்லாம் ஓடும் காகிதத்தில் ஒரு கோடு விழும். அக்கோடுகளைப் பின்னர் ஒருவர் கத்தியால் வெட்டி மூலச் சுருளை உருவாக்குவார். நீண்ட சுரத்திற்கு ஒரே நீண்ட பிளவாக வெட்டினால் காகிதம் கிழிந்துவிடும்; ஆதலின் நெருக்கமான துளைகளாக இட்டு, இடையிடையே மெல்லிய காகிதப் பாலங்களை விட்டு வைப்பர். தவறாக விழுந்த சுரங்களை ஒட்டி மூடுவர். இங்கேதான் வாசகர் விழிப்புடன் இருக்கவேண்டும். தவறுகளைத் திருத்தியதோடு பலர் நிற்கவில்லை. பத்து விரல்களுக்கு எட்டாத சுரங்களையும் சேர்த்து, மூன்று கை, நான்கு கை வாசிப்பைப் போல் ஒலியை நிரப்பினார்கள். சுரங்களின் இடங்களைச் சம இடைவெளிக் கட்டங்களுக்குள் ஒழுங்குபடுத்தியும் விட்டார்கள்.

இவ்வொழுங்கு எவ்வளவு நுட்பமான பொருளைத் தொடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுருளின் தலைப்பில் '80' என்று குறித்திருந்தால் காகிதம் நிமிடத்திற்கு 8 அடி ஓடவேண்டும் என்பது பொருள். அதாவது விநாடிக்கு 1.6 அங்குலம். ஜாஸ் கலைஞர் ஒரு சுரத்தை நூறில் மூன்று பங்கு விநாடி தாமதித்து இடுகிறார் என்று கொள்வோம். காகிதத்தில் அது ஏறத்தாழ அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு! திருத்துபவர் கத்தி அந்த இருபதில் ஒரு பங்கைச் 'சரி' செய்துவிட்டால், சுரம் எல்லாம் இருக்கும், நடை போய்விடும். பல சுருள்கள் மரப்பாவைபோல் விறைப்பாக ஒலிப்பதன் முதற்காரணம் இதுவே. யந்திரத்தைப் பழிப்பது நியாயமன்று.

எனினும் திருத்துபவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதும் தவறு. கியூ.ஆர்.எஸ். நிறுவனத்தில் 1920 களிலிருந்து நாற்பது ஆண்டுகள் அளவில் உழைத்த ஜே. லாரன்ஸ் குக் ஆயிரக்கணக்கான சுருள்களை அமைத்தவர். பிற கலைஞர்களின் பாணியை அறிந்து, அப்பாணியிலேயே துளையிடுவதில் அவர் வல்லவர். இத்தகைய சுருள்களை வாசித்தவரின் நிழற்படமாகக் கருதாமல், சுருளுக்கென்றே இயற்றிய தனிக் கலையாகக் கருதிக் கேட்பதே முறை என்பது என் கருத்து. இருபது விரல்கள் படைத்த ஒருவர் வாசித்தால் எப்படி இருக்கும் என்று வியந்து மகிழ அவை இடந்தருகின்றன.

நிழற்படமாகவே கொள்ள விரும்பும் இடத்தில்தான் உள்ளம் தயங்குகிறது. 'மேப்பிள் லீஃப் ராக்' இயற்றிய ஸ்காட் ஜாப்ளின் ஒரு கிராமபோன் இசைத்தட்டிலும் வாசித்தவரல்லர். 1916 இல் அவர் வாசித்த சில சுருள்களே அவர் கையின் ஒரே அடையாளம். அவற்றுள் அந்த ஒரே உருப்படி இரண்டு நிறுவனங்களின் சுருள்களில் வருகிறது. ஒன்று வழவழப்பாகத் திருத்தப்பட்டது. மற்றதில் காலம் தடுமாறுகிறது. சுரங்கள் ஒழுங்கின்றி விழுகின்றன. அக்காலத்தில் அவர் நோயால் மிகவும் நலிந்திருந்தார். 1917 ஏப்ரல் 1 ஆம் நாள் மறைந்தார். இந்தத் தடுமாற்றம் நோயுற்ற கையினுடையதா, குறிமுனைக் கருவியின் குறைபாடா, வெட்டியவரின் கவனக்குறைவா என்று துளைகளைப் பார்த்துத் தீர்மானிக்க வழியில்லை. இனிமையைத் தேடுபவர் முதற்சுருளைத் தேர்ந்தெடுப்பர். மனிதரைத் தேடுபவர் இரண்டாவதையே மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்கின்றனர். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்.

ஜார்ஜ் கெர்ஷ்வின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நியூயார்க்கின் ஒரு காசுக் காட்சிச்சாலையில் தானியங்கிப் பியானோ ஒன்றைக் கேட்டு மெய்ம்மறந்த சிறுவர் அவர். பதினேழாம் வயதில், 1916 தொடக்கத்தில், அவருடைய முதற்சுருள்கள் வெளிவந்தன. ஆறு சுருளுக்கு 25 டாலர் கூலி. புனைபெயர்களிலும் வாசித்தார், மொத்தம் நூற்றுக்கு மேற்பட்ட சுருள்கள். 1924 இல் அரங்கேறிய தம் 'ராப்சடி இன் புளூ'வை 'டியோ-ஆர்ட்' என்னும் உயர்வகைச் சுருளுக்காக வாசித்தபோது, பியானோவின் பகுதியை மட்டுமன்றி வாத்தியக் குழுவின் பகுதியையும் சேர்த்தே பதித்தார். சாதாரணச் சுருளில் ஒலியின் வன்மை மென்மைக்குத் தனிக் குறிப்பு இல்லை. டியோ-ஆர்ட் சுருளிலோ ஓரத்துத் துளைகள் பதினாறு படிகளில் அதனையும் ஆளுகின்றன. 1925 இல் வந்த அச்சுருளைக் கொண்டு 1976 இல் மைக்கேல் டில்சன் தாமஸ் என்னும் நடத்துநர் ஒரு வியப்பான பதிவைச் செய்தார். வாத்தியக் குழுவுக்குரிய துளைகளை மட்டும் ஒட்டி மூடிவிட்டு, எஞ்சிய துளைகளைப் பியானோவில் ஓடவிட்டு, உயிருள்ள கலைஞர்களை அதனுடன் சேர்ந்து வாசிக்கச் செய்தார். 1937 இலேயே மறைந்துவிட்ட கெர்ஷ்வின் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குழுவினரே அவருக்கு ஈடுகொடுத்து ஓடவேண்டியதாயிற்று.

சாதாரண மிதிச்சுருளைக் கேட்பவரின் நிலை வேறு. அவர் கேட்பவர் மட்டுமல்லர். பாதி வாசிப்பவரும் ஆவார். மிதிப்பதில் ஏற்ற இறக்கம் இல்லையேல் இசை தட்டையாகிவிடும். அழுத்தம் வேண்டிய தட்டுக்கு ஒரு கணம் முன்னதாகப் பாதத்தை ஊன்றவேண்டும். தட்டு விழுந்தபின் ஊன்றினால் பயனில்லை. பல சுரங்கள் ஒன்றாக விழும் இடத்தில் காற்று ஒரேயடியாகப் பெட்டிக்குள் நுழைந்து அழுத்தக் குறைவைக் கெடுத்துவிடும். அதற்கும் முன்கூட்டியே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காகிதம் வந்து சுற்றிக்கொள்ளும் உருளை பருக்கப் பருக்கக் காகிதத்தின் ஓட்டம் தானே விரைவுபடுகிறது. சில அமைப்பாளர் இதையறிந்து பிற்பகுதித் துளைகளைச் சற்று அகலவிட்டு இட்டனர். பலர் அவ்வாறு செய்யவில்லை. நாட்டியத்திற்கென அமைந்த உருப்படி முடிவில் ஓட்டமெடுப்பதாகத் தோன்றினால், கலைஞரைக் குறை கூறுமுன் வேக நெம்புகோலைச் சிறிது பின்னிழுத்துப் பார்த்தல் நன்று.

கண்ணுக்கும் இதில் விருந்து உண்டு. ஜான்சன், வாலர் ஆகியோரின் பாணியில் இடது கை ஆழ்ந்த மந்தர சுரம் ஒன்றும், நடுவில் சுரக்கூட்டு ஒன்றுமாக மாறி மாறித் தாவும். காகிதத்தில் அது இடது ஓரத்தில் ஒற்றைப் புள்ளி, சற்று உள்ளே ஒரு கொத்து, மீண்டும் ஓரத்தில் ஒற்றைப் புள்ளி என்று நெய்த கரைபோல் தெரியும். வலப்புறம் மேற்சுரங்கள் மழைத்துளிகளாகச் சிதறும். பட்டுத்தறிக் கூடங்களில் ஜக்கார்டு அட்டைகள் தொங்குவதைக் கண்ட களப் பணியாளர்க்கு இவ்வுவமை வெறும் அலங்காரமாகத் தோன்றாது. துளை இருந்தால் ஒரு செயல், இல்லையேல் செயலின்மை என்னும் ஒரே தத்துவமே, பிரான்சு நாட்டில் 1804 அளவில் நெசவுக்குப் பயன்பட்டு, பின்னர் இசைக்கு வந்தது. 1983 இல் மின்னணு இசைக் கருவிகளுக்கென வகுக்கப்பட்ட 'மிடி' முறையும் ஒலியைப் பதியாமல் கட்டளையையே பதிகிறது.

1920 இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பும், 1925 இல் வந்த மின்முறை இசைத்தட்டும், 1929 இன் பொருளாதார வீழ்ச்சியும் இத்தொழிலை அடுத்தடுத்துத் தாக்கின. பியானோக்கள் பரண்களுக்கும் நிலவறைகளுக்கும் போயின. எஞ்சிய சுருள்களின் இன்றைய நிலை கவலைக்குரியது. மலிவான மரக்கூழ்க் காகிதத்திலுள்ள அமிலம் அதனை நாளடைவில் அப்பளமாக்கிவிடுகிறது. ஈரத்தில் காகிதம் அகலும், வறட்சியில் சுருங்கும். அகலம் சிறிது மாறினாலும் துளை தன் வாயை விட்டு விலகிப் பக்கத்துச் சுரத்தை ஒலிக்கச் செய்யும். ஓரம் கிழிந்துவிட்டால் அதை நேர்ப்படுத்தும் பொறியும் ஏமாந்துபோகும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சிறிது தேய்மானம். ஓட்டாமல் வைத்தாலோ பயனில்லை.

இதற்கு ஒரு வழி இப்பொழுது தென்பட்டுள்ளது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2014 இல் ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர் ஒருவரின் ஆயிரக்கணக்கான சுருள்களைப் பெற்று, அவற்றை ஒளிமுறையில் படமெடுக்கும் பணியைத் தொடங்கிற்று. காகிதத்தை எந்தப் பித்தளைச் சட்டத்தின் மேலும் உரசவிடாமல், தளர்வாக ஓடவிட்டு, நுண்ணிய ஒளிப்படமாக்குகிறார்கள். படத்திலிருந்து துளைகளின் இடங்களைக் கணிப்பொறி கணித்துச் சுரங்களாக்குகிறது. இவ்வாறு எடுத்த படங்களும் அவற்றின் ஒலியும் இணையத்தில் காணவும் கேட்கவும் கிடைக்கின்றன. வகுப்பில் இவற்றைக் காட்ட விரும்பும் ஆசிரியர், முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு, இடது கை எது, வலது கை எது, தட்டு எங்கே விழுகிறது என்று மாணவரையே சொல்லச் செய்து, அதன்பின் ஒலியைத் திறக்கலாம்.